ஜோர்ஜ் பூல் (1815 – 1864)

கணினியின் தருக்கத்துக்கு அடித்தளமிட்ட கணிதவியலாளர் ஜோர்ஜ் பூல் ஆவார். நீங்கள் கற்கும் பூலியன் அட்சரகணிதம், பூலியன் தரவு வகை ஆகிய இரண்டும் இவரது பெயரையே தாங்கி நிற்கின்றன.

இவர் 1815 நவம்பர் 2 ஆந் திகதி இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. ஆயினும் தொலைகாட்டி போன்ற கருவிகளைச் செய்வதிலேயே அவரது மனம் அதிகம் ஈடுபட்டது. தொழில் நொடித்தது. எனவே பூல் 16 வயதிலேயே உதவி ஆசிரியராகி, குடும்பத்தைத் தாங்கினார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளையும் உயர் கணிதத்தையும் பெரும்பாலும் தாமாகவே கற்றார். 19 வயதில் சொந்தமாக ஒரு பாடசாலையையும் தொடங்கினார். பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதிக்காத இவருக்கு, 1844 இல் அரச கழகம் கணித ஆய்வுக்காகப் பதக்கம் வழங்கியது. 1849 இல் அயர்லாந்தின் கோர்க் நகரிலிருந்த குயீன்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். பட்டம் இல்லாத பேராசிரியர்!

1847 இலும் 1854 இலும் வெளிவந்த நூல்களிலேயே இவரது முக்கிய கருத்து உள்ளது. சிந்தனையையும் அட்சரகணிதம் போல எழுதலாம் என இவர் காட்டினார். தோட்டத் தொழிலாளரை க எனவும் பெண்களை ச எனவும் கொண்டால், கச என்பது தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைக் குறிக்கும். அவ்வாறாயின் கக என்பது யாது? தோட்டத் தொழிலாளராகவும் தோட்டத் தொழிலாளராகவும் உள்ளோர், அதாவது மீண்டும் க. எனவே க² = க ஆகும். இதனைக் காரணிப்படுத்துங்கள்: க(க – 1) = 0. தீர்வுகள் 0, 1 மட்டுமே. பொய், உண்மை ஆகியவற்றுக்கு 0, 1 பொருந்தி வந்தது இவ்வாறே.

1855 இல் மேரி எவரெஸ்டை மணந்தார். எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜோர்ஜ் எவரெஸ்டின் சகோதரர் மகள் இவர். இவர்களுக்கு ஐந்து பெண் பிள்ளைகள். 1864 இல் ஒரு நாள் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து சென்ற பூல், நனைந்த உடையுடனேயே விரிவுரை நிகழ்த்தினார். அதனால் நோயுற்று, டிசெம்பர் 8 இல் தமது 49 ஆவது வயதில் காலமானார். 1937 இல் குளோட் ஷனன் என்னும் அமெரிக்க மாணவர் இவரது கணிதத்தை மின் ஆளிகளுக்குப் பிரயோகித்தார். அன்ட், ஓர், நொட் படலைகளை இன்று நாம் பூலியன் கோவைகளாக எழுதுவது அதன் பயனாகும்.

பூலின் கணிதத்தில் 0 உம் 1 உம் எண்கள். இணைய முகவரியிலோ நிலைமை வேறு. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் வினவற் பரமானங்கள் யாவும் வெறும் எழுத்துகளாகவே சேவையகத்தைச் சென்றடைகின்றன. இதனைத் தோட்டத்துச் செக்ரோல் கொண்டு விளக்கலாம். பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்க மாணவர்களுக்குப் பெரட்டுக்களமும் பேர் போடுதலும் புதியவை அல்ல. செக்ரோலைக் கணினியில் பதிவதாகக் கொள்வோம். முகவரியின் இறுதியில் ?வருகை=1&அரைப்பேர்=0 என அனுப்பப்படுகிறது (விளங்குவதற்காகத் தமிழில் தரப்பட்டுள்ளது). 0 இற்குப் பதிலாக ஃபோல்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பினால் என்ன நிகழும்? பைதன், பீஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும், அச்சொல்லை நேரடியாகப் பூலியனாக மாற்றினால் கிடைப்பது உண்மை! வெறுமையல்லாத சரம் என்பதே காரணம். 0 என்னும் எழுத்தையோ பீஎச்பி பொய் என்கிறது, மற்றைய இரண்டும் உண்மை என்கின்றன. இதைக் கவனியாது செய்நிரல் எழுதினால், நாள் முழுவதும் கொழுந்து பறித்த ஒருவருக்கு அரைப்பேர் விழுந்துவிடும். சம்பள நாளிலேயே அது தெரியவரும். எனவே பெறுமதி 1 இற்குச் சமமா, 0 இற்குச் சமமா எனச் செய்நிரல் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டுமில்லாததை நிராகரித்தல் வேண்டும்.

இன்னொன்று. வலைப் படிவத்தில் சரி அடையாளமிடாத பெட்டி 0 என அனுப்பப்படுவதில்லை. அப்பரமானம் முகவரியில் வருவதேயில்லை. வரவில்லை எனப் பதிந்ததும், பதிய மறந்ததும் செக்ரோலில் ஒன்றல்ல என்பதைக் கணக்கப்பிள்ளை அறிவார். செய்நிரலுக்கு அதை நாமே கூற வேண்டும்.

பயிற்சி: வருகை, அரைப்பேர் ஆகிய இரு பரமானங்களுக்கும் 0, 1 இட்டு நான்கு நிரைகள் கொண்ட உண்மை அட்டவணையை வரைக. முழுப்பேர், அரைப்பேர், வராதவர் ஆகியவற்றை உரிய நிரைகளில் குறிக்க. எஞ்சும் நிரை யாது? அதனைச் சேவையகம் ஏன் ஏற்கக் கூடாது?