பட்டம் வாங்காத பறவை மனிதர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், சிதம்பரத்து நாட்களில் எத்தனையோ இனிய நினைவுகள் இருக்க, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நான் எழுதிய ஒரு பொய்க்கணக்குதான். அதைச் சொல்வதற்கு முன் ஒரு பெரியவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏன்னா, அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்க சார் என்னைத் திருத்தினார். அன்று கேட்டதோடு பின்னால் படித்துத் தெரிந்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

சலீம் அலி 1896 நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது தன் சின்னத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் பொறுமையாக அலமாரிகளைத் திறந்து பறவைகளைக் காட்டினார். பையனின் வாழ்க்கை அன்றே திசை திரும்பிவிட்டது.

ஆனால் படிப்பு ஓடவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுப் பர்மாவுக்குப் போய்க் குடும்ப வியாபாரத்தைப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. 1918இல் தெஹ்மினாவை மணந்தார். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். 1930இல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கையில் பட்டம் இல்லை, வேறு உத்தியோகமும் அமையவில்லை.

நாமாக இருந்தால் இடிந்து போயிருப்போம். அவரோ கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் போய் உட்கார்ந்து, தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டிப் பல துணைகளைச் சேர்த்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. கூடவே காடு மேடெல்லாம் அலைந்த தெஹ்மினா 1939இல் காலமானார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வந்தது. 1968 முதல் 1974 வரை டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகள் வெளியிட்டார்.

ஆய்வுக்காக அவரும் நிறையப் பறவைகளைச் சுட்டவர்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் வலசைப் பறவைகளை ஆராயத் துப்பாக்கி உதவாது. உயிரோடு பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். 1957இல் மைசூர்ப் பக்கம் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் வந்து, அதைப் பரப்பும் உண்ணிகள் சைபீரியாவிலிருந்து பறவைகளோடு வந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதையொட்டி உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வளையமிடும் பணி பெரிதாக நடந்தது. நமக்குத் தெற்கே கோடிக்கரையிலும் வலை கட்டினார்கள். 1967இல் அது சரணாலயமானது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மலை உண்டு. இலையுதிர் காலத்தில் அவ்வழியே வலசை போகும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் சுட்டுக் குவித்த இடம். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அதைக் குத்தகைக்கு எடுத்து, சுடுவதை நிறுத்தி, எண்ணுவதற்கு ஆள் வைத்தார். இன்றும் அங்கே எண்ணுகிறார்கள்.

இனி என் கதை. அக்டோபர் மாதம் பூனைப்பருந்துகள் வடக்கிலிருந்து நம் வயல்களுக்கு வரும். பகலெல்லாம் தாழப் பறந்து இரை தேடி, அந்தி நேரத்தில் கோரைக்குள் கூட்டமாக இறங்கித் தூங்கும். அப்போதுதான் எண்ண முடியும். சார் எங்கள் நால்வரை வீராணம் ஏரிக்கரைக்கு அனுப்பினார். ஆளுக்கு ஒரு திசை. எனக்கு மேற்கு. முதல் நாள் ஒழுங்காக எண்ணி 21 என்று எழுதினேன். மறுநாள் தூறல். டீக்கடையில் ஒதுங்கினவன் இருட்டின பிறகுதான் வந்தேன். குத்துமதிப்பாக 23 என்று போட்டுவிட்டேன்.

மற்ற மூவருக்கும் மழையில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கு மட்டும் கூடியிருந்தது! சார் ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. நான்கு திசையும் சேர்ந்தால்தான் கணக்கு என்று சொல்லி, அன்றைய பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார். நனைந்துகொண்டே நின்ற மூன்று பேரின் உழைப்பும் என்னால் வீணாய்ப் போனது. அந்த மாலையை யாரும் திரும்ப எண்ண முடியாது. அப்புறம்தான் சலீம் அலி கதையைச் சொன்னார்.

நான் பின்னால் வங்கியில் காசாளராகி, ஓய்வு பெறும்வரை நோட்டு எண்ணினேன். ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போகாமல் தேடியிருக்கிறேன். அந்தப் பழக்கம் சார் அடித்த அந்தக் கோட்டிலிருந்து வந்தது.

பட்டம் இல்லாத சலீம் அலிக்குப் பல்கலைக்கழகங்களே டாக்டர் பட்டம் தந்தன. 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. 1987 ஜூன் 20ஆம் தேதி, 90ஆம் வயதில் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் ஆய்வு மையம் இருக்கிறது.

அந்த மூன்று நண்பர்களும் இந்தச் சந்திப்புக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். இத்தனை வருஷமாக அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலரிலேயே கேட்டுவிடுகிறேன். அக்டோபரில் ஒரு நாள் கடலூரிலிருந்து நான் வந்துவிடுகிறேன், நால்வரும் வீராணத்துக்குப் போவோம்டா. மேற்குத் திசை எனக்கே இருக்கட்டும். மழை வந்தாலும் நகரமாட்டேன்.