பிங் எழுதிய மைக் மூஸ்

ஹாஸ்டல்ல நெட் படுத்துதா? உடனே டெர்மினலைத் திறந்து பிங் அடிச்சுப் பார்ப்பீங்க. ரிப்ளை வந்தா நிம்மதி. வரலைன்னா தலைவலி. நெட்வொர்க் லேபில் நாம முதல்ல கத்துக்கிற கமாண்ட் அது. அதை எழுதியவர் யார்னு தெரியுமா?

பெயர் மைக் மூஸ். 1958-ல் அமெரிக்காவின் அயோவா சிட்டியில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு மேரிலாண்டில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்.

1983 ஜூலையில் நார்வேயில் ஒரு கூட்டம். ஐசிஎம்பி எக்கோ பாக்கெட்டை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்ததைப் பற்றி டேவிட் மில்ஸ் அங்கே சொன்னார். மூஸ் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

அதே வருடம் டிசம்பரில் ஆய்வுக்கூடத்து நெட்வொர்க் மக்கர் பண்ணியது. மில்ஸ் சொன்னது ஞாபகம் வர, மூஸ் மளமளவென்று ஒரு புரோகிராம் எழுதினார். கம்பைல் ஆச்சு, ஆனா ஓடலை! நம்ம கதை மாதிரியே இருக்கில்ல? யுனிக்ஸ் கெர்னலில் அதற்கான வசதியே இல்லை. கடுப்பானவர், கெர்னலிலும் கை வைத்து அந்த வசதியைச் சேர்த்தார். பொழுது விடிவதற்குள் எல்லாம் தயார்.

ஆனால் முதல் பாக்கெட் கிளம்பும் முன்பே, கூட வேலை செய்தவர் பழுதான ஹார்டுவேரைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். ராத்திரி முழுக்க விழித்து எழுதிய டூலுக்கு அன்று வேலையே இல்லை!

கடலுக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனாரின் சத்தம்தான் அந்தப் பெயர். கல்லூரி நாட்களிலேயே சோனார் பற்றி வேலை செய்தவர் அவர். முப்பரிமாண மாடல்கள் உருவாக்கும் பிஆர்எல்-கேட் மென்பொருளும் அவர் தொடங்கியதுதான். ஆனாலும் உலகம் அவரை நினைப்பது அந்த ஒரு ராத்திரி வேலைக்காக. இவ்வளவு புகழ் வரும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு நாள் உட்கார்ந்து கூடுதலா சில ஆப்ஷன் சேர்த்திருப்பேன் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

2000 நவம்பர் 20 அன்று மேரிலாண்டில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 42.

அடுத்த தடவை நெட் போனா, முதல்ல 127.0.0.1, அப்புறம் கேட்வே, அப்புறம் வெளியே ஒரு சர்வர்னு வரிசையா பிங் பண்ணுங்க. எங்கே அறுந்திருக்குன்னு ஓரளவு பிடிபடும். பதில் வரலைன்னா சர்வர் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பதில் வந்தா, மூஸையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.