செம்பின் சிறப்பை உரைத்த சார்ல்ஸ் ஈம்ஸ்



தைப்பூசத் திருநாளில் தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்குப் பால்குடம் ஏந்திச் செல்வோரைப் பினாங்கு மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். குடத்தின் கழுத்து குறுகியும் வயிறு அகன்றும் இருப்பதால் பால் எளிதில் தளும்பிச் சிந்துவதில்லை. தலையில் வைத்தாலும் இடுப்பில் வைத்தாலும் அது அடங்கி அமர்கிறது. இவ்வளவு பொருத்தமான வடிவத்தை வகுத்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடமும் செம்பும் நம் வீட்டில் என்றும் இருப்பவை. ஆகவே அவற்றின் அருமை நம் கண்ணில் படுவதில்லை.

அந்த அருமையைக் கண்டு வியந்து, உலகறிய எழுதியவர் ஓர் அமெரிக்கர். வீடு, நாற்காலி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் புதுமை புகுத்திய அவ்வறிஞரின் பெயர் சார்ல்ஸ் ஈம்ஸ். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமையும் உழைப்பும்

சார்ல்ஸ் ஈம்ஸ் 1907ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளியில் பயின்ற காலத்திலேயே எஃகு ஆலை ஒன்றில் வேலை செய்தார். இரும்பும் மரமும் எவ்வாறு வளையும், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அவர் நூல்களில் கற்பதற்கு முன்பே கைகளால் கற்றார் எனலாம்.

பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்தார்; ஆயினும் படிப்பை முடிக்கவில்லை. பட்டம் பெறாதபோதிலும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1938ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிரான்புரூக் கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். அங்கேதான் ரே என்னும் ஓவியக் கலைஞரைச் சந்தித்தார். இருவரும் 1941ஆம் ஆண்டில் திருமணம் புரிந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினர். அன்று தொடங்கி வாழ்நாள் முழுவதும் இருவரும் இணைந்தே பணியாற்றினர். வண்ணத்திலும் வடிவத்திலும் ரே அம்மையாருக்கு இருந்த தேர்ச்சி அவர்களுடைய ஒவ்வொரு படைப்பிலும் விளங்கியது. ஆயினும் 1946ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் நடைபெற்ற நாற்காலிக் கண்காட்சியில் கணவரின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. அம்மையாரின் பங்கினை உலகம் முழுமையாக உணரப் பல ஆண்டுகள் சென்றன.

வளைந்த பலகை

மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு அடுக்கினால் ஒட்டுப்பலகை கிடைக்கும். அதனைத் தட்டையாக அறுத்துப் பயன்படுத்துவதே வழக்கம். அதனை மனித உடலுக்கு ஏற்பப் பல பக்கமும் வளைக்க வேண்டும் என்று இத்தம்பதியர் முயன்றனர். தாங்கள் குடியிருந்த சிறு வீட்டின் அறையிலேயே மரமும் சாந்தும் கொண்டு ஒரு கருவியை அமைத்தனர். பலகையை அச்சில் அழுத்துவதற்கு மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாயையே பயன்படுத்தினர்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கால் முறிந்த வீரர்களுக்குக் கட்டப்பட்ட உலோகப் பட்டைகள், தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து அவர்களுக்கு வேதனையளித்தன. ஈம்ஸ் தம்பதியர் காலின் வடிவிலேயே ஒட்டுப்பலகையை வளைத்து, இலேசான பட்டையை உருவாக்கினர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,50,000 பட்டைகள் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்டன. அழகிய நாற்காலி செய்வதற்காகத் தொடங்கிய முயற்சி முதலில் காயமுற்றோரின் துயர் துடைக்கப் பயன்பட்டது.

போருக்குப் பின் அதே முறையில் நாற்காலிகள் பிறந்தன. பலகையும் சட்டமும் இணையும் இடங்களில் சிறு ரப்பர் வில்லைகளை வைத்தனர். அமர்பவர் சாயும்போது நாற்காலியும் சற்றே நெகிழ்ந்து கொடுத்தது. பால்மரம் வெட்டும் நம் தோட்ட மக்கள் நன்கு அறிந்த ரப்பர், அந்த நாற்காலியின் இன்றியமையாத உறுப்பாயிற்று. 1999ஆம் ஆண்டில் டைம் இதழ் அந்நாற்காலியை 20ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வடிவமைப்பு என்று தேர்ந்தெடுத்தது.

புல்வெளியைக் காத்த வீடு

1949ஆம் ஆண்டில் தம்பதியர் தமக்கென ஒரு வீடு கட்டினர். கடலை நோக்கிய மேட்டில், ஆலைகளில் ஏற்கெனவே செய்யப்படும் எஃகுச் சட்டங்களையும் கண்ணாடிகளையும் கொண்டு அதனை எழுப்பினர். ஐந்து ஆட்கள் 16 மணி நேரத்தில் அதன் எஃகுக் கூட்டை நிறுத்திவிட்டனர் என்பர்.

முதலில் அவ்வீடு வேறு வடிவில் வரையப்பட்டிருந்தது. எஃகு வந்து சேர்வதற்காகக் காத்திருந்த நாள்களில் இருவரும் அவ்விடத்துப் புல்வெளியில் பலமுறை பொழுதைக் கழித்தனர். வீடு அந்தப் புல்வெளியை மறைத்துவிடும் என்பதை உணர்ந்தனர். உடனே வரைபடத்தை மாற்றினர். ஏறக்குறைய அதே எஃகைக் கொண்டு, மரவரிசையின் அருகே ஒதுங்கி நிற்குமாறு வீட்டை அமைத்தனர். அவ்வீடு இன்றும் நிலைத்து நிற்கிறது.

விளையாட்டின் மாண்பு

விளையாட்டுப் பொருள்களை ஈம்ஸ் சிறியவையாகக் கருதியதில்லை. 1945ஆம் ஆண்டில் வளைந்த ஒட்டுப்பலகையால் ஓர் யானையைச் செய்தனர். 1951ஆம் ஆண்டில், வண்ணத் தாள்களையும் குச்சிகளையும் இணைத்துக் கூடாரமோ மேடையோ குழந்தைகளே கட்டிக்கொள்ளும் பொருளை வெளியிட்டனர். 1952ஆம் ஆண்டில் வெளிவந்த சீட்டுக் கட்டில் ஒவ்வொரு சீட்டிலும் பிளவுகள் இருந்தன. ஒன்றை ஒன்றில் செருகிக் குழந்தைகள் வீடு கட்டலாம். அச்சீட்டுகளில் நூல், பொத்தான் போன்ற எளிய பொருள்களின் படங்களே அச்சிடப்பட்டன.

1969ஆம் ஆண்டில் பம்பரத்தைப் பற்றி மட்டுமே ஏழு நிமிடத் திரைப்படம் ஒன்றை உருவாக்கினர். அதில் பேச்சே இல்லை. பல நாட்டுப் பம்பரங்கள் எழுந்து சுழன்று, தள்ளாடி வீழ்கின்றன. நம் பிள்ளைகள் சுழற்றும் பம்பரமும், மலாய் நண்பர்கள் சுழற்றும் காசிங்கும் அதே இனத்தைச் சேர்ந்தவைதாமே!

இந்தியாவில் ஈம்ஸ்

1955ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இந்திய ஆடைகளும் அணிகலன்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஈம்ஸ் தம்பதியர் அவற்றைப் படமாக்கினர். பெயர் அறியப்படாத நெசவாளரும் பொற்கொல்லரும் செய்த வேலைப்பாட்டை மிக அருகில் நின்று காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது.

மூன்றாண்டுகள் கழித்து, 1958ஆம் ஆண்டில், இந்திய அரசின் அழைப்பை ஏற்று இருவரும் இந்தியா சென்றனர். புதிய ஆலைகள் எழும் காலத்தில் பொருள்களின் தரம் தாழாமல் காப்பது எவ்வாறு என்பதே அரசு அவர்கள் முன் வைத்த வினா. அவர்கள் பல ஊர்களுக்கும் சென்று மக்கள் வாழ்வைக் கண்டனர். பின்னர் அறிக்கை ஒன்றை அளித்தனர். தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக அதில் அவர்கள் போற்றியது அரண்மனையை அன்று. நீர் முகக்கும் எளிய செம்பையே!

செம்பைப் பற்றி அவர்கள் எழுப்பிய வினாக்கள் பல. ஒருவர் சுமக்கத்தக்க நீரின் அளவு என்ன? பிடிக்கும் கை பெரிதா, சிறிதா? தலையிலும் இடுப்பிலும் அது எவ்வாறு அமரும்? நிறைந்தபோதும் வெறுமையாக இருக்கும்போதும் சாயாமல் நிற்குமா? உள்ளே கைவிட்டுத் துலக்க இயலுமா? விலை என்ன? உடைந்தபின் அதன் உலோகம் என்ன பெறும்? தட்டினால் எழும் ஓசை எத்தகையது? இத்தனைக்கும் விடையாக அமைந்த செம்பைத் தனியொருவர் வடிவமைத்திருக்க இயலாது. தலைமுறை தலைமுறையாக எண்ணற்ற ஆடவரும் பெண்டிரும் சிறிது சிறிதாகத் திருத்தியே அவ்வடிவம் நிறைவு பெற்றது என்பது அவர்களுடைய முடிவு.

அவ்வறிக்கையின் பயனாக 1961ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

நாம் கொள்ளத்தக்கது

சார்ல்ஸ் ஈம்ஸ் 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், தாம் பிறந்த செயின்ட் லூயிஸ் நகரிலேயே மறைந்தார். ரே அம்மையார் சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1988ஆம் ஆண்டில் அதே ஆகஸ்டு 21ஆம் நாள் காலமானார்.

பெற்றோர்களே! பித்தளைச் செம்பையும் குடத்தையும் பழையன என்று மூலையில் போட்டுவிடுகிறோம்; விருந்தினர் வந்தால் அவற்றை மறைக்கவும் செய்கிறோம். பழையது யாவும் நன்று என்று ஈம்ஸ் கூறவில்லை. அவரே 1950ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வெளியிட்டவர். புதிய பொருளிடமும் செம்பிடம் கேட்ட அதே வினாக்களைக் கேட்க வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி. கைக்குப் பொருந்துமா, நெடுநாள் உழைக்குமா, விலைக்குத் தகுந்ததா என்று கேட்டு வாங்கினால், உழைத்து ஈட்டிய பணம் வீண்போகாது.

மாணவர்களே! பட்டம் பெறாத ஒருவர், மிதிவண்டிக் காற்றுக் குழாயின் துணையோடு உலகப் புகழ்பெற்ற நாற்காலியைப் படைத்தார். கருவி இல்லை, வசதி இல்லை என்று நீங்களும் சோர்ந்துவிட வேண்டா. இன்று மாலை வீட்டிலுள்ள செம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்து ஏன் குறுகியது, விளிம்பு ஏன் வெளியே வளைந்தது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்கப் பழகிய கண்ணும் கையுமே நாளை புதியன படைக்கும்.