கவிழாத டிராக்டர் தந்த பெர்குசன்

மேட்டில் ஏறியபடி டிராக்டர் உழுகிறது. மண்ணுக்குள் கிடந்த பாறையில் கலப்பை மாட்டிக்கொள்கிறது. பின்சக்கரம் திணற, வண்டியின் முன்பக்கம் மேலே எழும்புகிறது. கண்மூடித் திறப்பதற்குள், ஓட்டுகிறவர்மேலேயே வண்டி மல்லாந்து விழுகிறது! பழைய டிராக்டர்களில் இப்படி மாண்ட உழவர்கள் பலர்.

இதற்கு வழி கண்டவர் ஹாரி பெர்குசன். 1884-ல் அயர்லாந்தின் வடபகுதியில், குடியானவர் வீட்டில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்காமல் அண்ணனுடைய மோட்டார் பட்டறைக்குப் போனார். 1909-ல் தாமே விமானம் செய்து பறந்தார். முதல் உலக யுத்தம் அவரை மறுபடி வயலுக்கே இழுத்து வந்தது. 1917-ல் டிராக்டர்களைக் கவனிக்கும் வேலையைச் சர்க்கார் கொடுத்தது.

கலப்பையைப் பின்னால் சும்மா கட்டி இழுப்பதுதான் ஆபத்து என்று கண்டார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இரும்புத் தண்டுகளால் அதை டிராக்டரோடு இணைத்தார். கலப்பை பாறையில் முட்டினால் மேல்தண்டு வண்டியை முன்னோக்கித் தள்ளும். முன்சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் இறங்குவதால் சின்ன டிராக்டருக்கும் நல்ல பிடி கிடைத்தது. சரிவில் பக்கவாட்டாகச் சாய்வதை மட்டும் இது தடுக்காது; அதற்கு ஓட்டுகிறவரின் நிதானமே காவல்.

1938-ல் ஹென்றி போர்டுடன் கைகுலுக்கியே கூட்டுச் சேர்ந்தார்; பத்திரம் எழுதவில்லை. பின்னாளில் வழக்கு மூண்டு, 1952-ல் 92½ லட்சம் டாலர் பெற்றார். 1946 முதல் வந்த அவருடைய சாம்பல்நிறச் சின்ன டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1960-ல் காலமானார்.