ஸ்ரீ வேதாந்த தேசிகனும் அவர் ஏற்ற பரீக்ஷைகளும்

ஸ்ரீ:

  நமது மலரில் ஆண்டுதோறும் ஓர் ஆசார்ய ஸ்ரேஷ்டருடைய சரிதம் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு ஸ்வாமி தேசிகனுடைய சரிதத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு விண்ணப்பம் செய்ய விழைகிறேன். உடன் இருந்தவர்களும், உறவினரும், ஊராரும் அவர் முன் வைத்த சோதனைகளையும், அவற்றுள் எவற்றை அவர் ஏற்றார், எவற்றை மறுத்தார் என்பதையும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பர்கள் கூடினால் ஒருவரையொருவர் பந்தயத்திற்கு இழுப்பது உலக இயல்பு. உன்னால் இது முடியுமா என்று ஒருவன் கேட்டுவிட்டால் மற்றவனுக்கு உறக்கம் வாராது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. எது நன்மை, எது தீமை என்பதைப் பிரித்தறிய ஒரு மஹானுடைய வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த உரைகல் வேறில்லை.

திருத்தூப்புலில் உதித்த மணி

ஸ்ரீ காஞ்சீபுரத்தை அடுத்த திருத்தண்காவில், தூப்புல் என்னும் அக்ரஹாரத்தில், 1268 ஆம் ஆண்டு விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத்தன்று, அனந்தஸூரி என்பவருக்கும் தோதாரம்மைக்கும் திருக்குமாரராக இவர் அவதரித்தார். திருமலையப்பனுடைய திருமணியின் அம்சம் என்பது பெரியோர் கொள்கை. பெற்றோர் இட்ட திருநாமம் வேங்கடநாதன். தாயாருடன் பிறந்த அம்மானாகிய கிடாம்பி அப்புள்ளாரே இவருக்கு ஆசார்யனாகவும் அமைந்தார்.

ஐந்து பிராயம் நிரம்பிய சமயம், அப்புள்ளார் தம் மருமகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு பேரருளாளன் ஸந்நிதிக்குச் சென்றார். அங்கே நடாதூர் அம்மாள் என்னும் வாத்ஸ்ய வரதாசார்யர் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் ஸாதித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு அவர் பேச்சை நிறுத்தி விசாரித்தார். பிறகு காலக்ஷேபத்தைத் தொடர முற்பட்டபோது விட்ட இடம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. கோஷ்டியில் இருந்த வித்வான்கள் எல்லாரும் திகைத்தனர். அம்மானின் பக்கத்தில் நின்ற பாலகன் விட்ட இடத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னான். நடாதூர் அம்மாள் அவனை மடியில் இருத்தி, இவன் வேதாந்தத்தை நிலைநாட்டுவான் என்று அநுக்ரஹம் செய்தார் என்பது வரலாறு. இதுவே அவர் எதிர்கொண்ட முதல் பரீக்ஷை. வைத்தவர் யாருமில்லை, தானே வந்து வாய்த்தது. அன்று அம்மாள் ஸாதித்துக்கொண்டிருந்த அந்த ஸ்ரீபாஷ்ய வ்யாக்யானத்தை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இச்சரிதத்தின் முடிவில் அது மறுபடியும் வரும்.

திருவஹீந்திரபுரத்துக் கிணறு

இருபது பிராயத்திற்குள் ஸகல சாஸ்த்ரங்களையும் கற்றுத் தேர்ந்த ஸ்வாமி, கெடில நதிக்கரையில் உள்ள திருவஹீந்திரபுரத்திற்கு எழுந்தருளினார். ஔஷதகிரியின் மேல் அமர்ந்து, அம்மான் உபதேசித்த கருட மந்த்ரத்தை ஜபித்தார். கருடன் ப்ரஸன்னமாகி ஹயக்ரீவ மந்த்ரத்தை உபதேசித்தான். பரிமுகப் பெருமான் அருளால் வாக்கு வளம் சுரந்தது. தேவநாதன் மீது வடமொழியிலும், ப்ராக்ருதத்திலும், தமிழிலும் அவர் அருளிச்செய்த ஸ்தோத்ரங்களும் பிரபந்தங்களும் அவ்வூரிலேயே பிறந்தவை.

எல்லாக் கலைகளிலும் வல்லவர் என்னும் பொருளில் ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்ற விருது இவருக்கு வாய்த்திருந்தது. இது ஸ்ரீரங்கநாச்சியார் அளித்தது என்பர். இந்த விருதே பலருடைய உள்ளத்தை உறுத்தியது. சாஸ்த்ரம் படித்தவருக்குச் சாந்து குழைக்கத் தெரியுமா என்று ஒரு கொத்தன் கேட்டான். விருது மெய்யானால் தன் கையாலேயே ஒரு கிணறு கட்டிக் காட்ட வேண்டும் என்றான். கொடுத்த செங்கற்களோ ஒன்றோடொன்று பொருந்தாத கோணல் கற்கள். ஸ்வாமி கோபிக்கவும் இல்லை. இது என் குலத்தொழில் அன்று என்று விலகவும் இல்லை. அந்தக் கோணல் கற்களையே அளந்து பொருத்திக் கிணற்றைக் கட்டி முடித்தார். திருவஹீந்திரபுரத்தில் அவருடைய திருமாளிகைக் கிணற்றை இன்றும் யாத்ரிகர்கள் ஸேவிக்கின்றனர்.

பின்பு ஒரு சிற்பி வந்தான். உமது உருவத்தை நீரே வார்த்துக் காட்டும், பீடத்தை நான் செய்கிறேன் என்றான். ஸ்வாமி ஞானமுத்திரையும் ஸ்ரீகோசமும் விளங்கத் தம் திருமேனியைத் தாமே ஸமைத்தருளினார். சிற்பி செய்த பீடத்தில் அது பொருந்தவில்லை. பீடத்தில் குறையிருக்கும் என்று எண்ணாமல், விக்ரஹத்தைச் செதுக்கத் துணிந்தான். உளி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது என்றும், சிற்பி நடுங்கிப் பாதத்தில் விழுந்தான் என்றும் ஐதிஹ்யம். தன் பீடம் கோணலாயிருக்கப் பிறர் மேனியைச் செதுக்கப் புகுவது அந்தச் சிற்பி ஒருவனுக்கு மட்டும் உள்ள குணம் அன்று.

மறுத்த பரீக்ஷைகள்

வந்த அறைகூவல் அனைத்தையும் ஸ்வாமி ஏற்றார் என்று எண்ணிவிடலாகாது. அவர் உஞ்சவ்ருத்தியால் ஜீவனம் நடத்தியவர். ஒருநாள் ஊரார் சிலர், இவருடைய வைராக்யத்தைச் சோதிக்கவோ, அன்றி உபகாரம் செய்யவோ எண்ணி, பிக்ஷையாக இட்ட அரிசியில் பொற்காசுகளைக் கலந்துவிட்டனர். தர்மபத்தினியார் அரிசியைக் களையும்போது மின்னுவதைக் கண்டு இவை யாவை என்று வினவினார். ஸ்வாமி அவற்றைப் புழுக்கள் என்று சொல்லி ஒதுக்கி வெளியே எறிந்தார். பொன்னைப் பொன் என்று அறியாத இல்லறம் அது என்பதே பெரியோர்கள் கூறும் சுவை.

இளமைத் தோழர் என்று கூறப்படும் வித்யாரண்யர், விஜயநகர ராஜ்யத்தில் செல்வாக்குடன் திகழ்ந்தவர். தோழருடைய வறுமையைக் கேள்வியுற்று, ராஜஸபைக்கு வந்தால் செல்வம் குவியும் என்று ஓலை அனுப்பினார். நட்பினால் வந்த சோதனை இது. பகைவன் வைப்பதைக் காட்டிலும் கடினமானது. ஸ்வாமி அதை ஏற்கவில்லை. வைராக்ய பஞ்சகம் என்னும் சிறு ஸ்தோத்ரமே விடையாகச் சென்றது. அத்திகிரி அருளாளனே தமக்குப் பிதாமஹர் தேடிவைத்த தனம் என்பது அதன் கருத்து.

எனினும், விவாஹத்திற்குப் பொருள் வேண்டி ஓர் ஏழை ப்ரஹ்மசாரி வந்தபோது, அவர் அவ்வாறு மறுக்கவில்லை. இவரிடம் பொருள் கிடையாது என்று நன்கறிந்த அஸூயை கொண்ட சிலரே அந்தப் பிள்ளையை அனுப்பி வைத்தனர். ஸ்வாமி பெருந்தேவித் தாயாரைக் குறித்து ஸ்ரீஸ்துதியை அருளிச்செய்தார். பொன்மழை பொழிந்தது. ப்ரஹ்மசாரி எடுத்துக்கொண்டான், ஸ்வாமி ஒரு காசும் தொடவில்லை. தமக்கு வரும் பொன்னைப் புழுவென்று எறிந்தவர், பிறனுக்காகத் தாயாரிடம் கை நீட்டினார். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அவர் வைத்திருந்த அளவுகோல் இதுவே.

ஒரே இரவில் ஓராயிரம்

திருவரங்கத்தில் நிகழ்ந்தது எல்லாரும் அறிந்த வ்ருத்தாந்தம். ஓர் இரவுக்குள் யார் ஆயிரம் சுலோகம் பாடுகிறாரோ அவரே கவிகளுள் ஸிம்மம் என்று வித்வான்கள் பந்தயம் வகுத்தனர். எதிர்த்தவர் பெருமாளின் திருவடித்தாமரையைப் பொருளாகக் கொண்டார். ஸ்வாமி அத்திருவடியைத் தாங்கும் பாதுகையைக் கொண்டார். இரவு முழுவதும் முயன்றும் மற்றவருக்கு முந்நூறு சுலோகங்களே அமைந்தன. ஸ்வாமியோ யோகநித்ரையில் இருந்து, ஒரு யாமத்தில் 32 பத்ததிகள் கொண்ட 1008 சுலோகங்களை அருளிச்செய்தார். அதுவே பாதுகா ஸஹஸ்ரம். அதன் சித்ர பத்ததியில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு சுலோகத்தின் 32 எழுத்துக்களை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில் எழுதி, சதுரங்கக் குதிரை தாவும் முறையில் ஒவ்வொரு கட்டமாகத் தாவிப் படித்தால், அடுத்த சுலோகம் கிடைக்கும்.

தோற்றவர் முகம் வாடியதைக் கண்ட ஸ்வாமி, பெண்பன்றி ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும், யானையோ நெடுங்காலம் சுமந்து ஒரே கன்றை ஈனும், எண்ணிக்கையில் பெருமை இல்லை என்னும் கருத்தைக் கூறித் தேற்றினார் என்பர். வென்றவர் தம் வெற்றியையே குறைத்துப் பேசித் தோற்றவரை உயர்த்துவது உலகில் அரிது.

இங்கே அடியேனுடைய அற்ப அநுபவம் ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். ஸம்ஸ்க்ருத பாடசாலையில் வாசித்த நாளில், உடன் பயின்ற பிள்ளைகள், இந்தச் சித்ர பத்ததியை மூன்றே நாளில் நெட்டுருப் போட முடியுமா என்று அடியேனைச் சீண்டினார்கள். ஊணும் உறக்கமும் துறந்து உருப்போட்டு, நான்காம் நாள் காலை தட்டாமல் ஒப்பித்துக் காட்டினேன். அடுத்த அமாவாஸைக்குள் பாதி மறந்துவிட்டது. அதை அறிந்த வாத்தியார் ஸ்வாமி சினக்கவில்லை. நாளொன்றுக்கு ஒரே சுலோகம், அதையும் பெருமாள் ஸந்நிதியில் நின்று சொல்லும்படி நியமித்தார். அப்படிச் சொன்னவையே இன்றுவரை நிற்கின்றன. தோழர் கண்ணுக்காகக் கற்றது தோழரோடு போயிற்று. பெருமாளுக்காகக் கற்றது அடியேனுக்குத் தங்கியது.

சாட்சியில்லாத சோதனை

ஸ்வாமிக்கு ஐம்பத்தைந்து பிராயம் ஆகும்போது, அடியேனும் இப்பொழுது எட்டியிருக்கும் ப்ராயம் அது, எல்லாவற்றிலும் பெரிய பரீக்ஷை வந்தது. 1323 ஆம் ஆண்டு டில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தது. பிள்ளை லோகாசார்யர், முதுமையையும் பொருட்படுத்தாமல், நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார்; ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டை அலங்கரித்தார். தள்ளாத பிராயத்தினரான ஸுதர்சன ஸூரி திருவரங்கத்திலேயே தங்கினார். அவர் தம்முடைய இரண்டு பிள்ளைகளையும், தாம் எழுதிய ச்ருதப்ரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய வ்யாக்யான ஓலைச்சுவடியையும் தேசிகன் கையில் ஒப்புவித்தார்.

இதில் பந்தயம் இல்லை, விருது இல்லை, பார்த்து மெச்சும் ஸபையும் இல்லை. படை ஊரை அழித்த இரவில், பிணங்களின் நடுவே பிணம்போல் கிடந்து, பிள்ளைகளையும் சுவடியையும் ஸ்வாமி காத்தார். பிறகு கன்னட தேசத்து ஸத்யாகாலத்தையும், திருநாராயணபுரத்தையும் அடைந்தார். அரங்கன் திருநகர் அச்சம் நீங்கி மீண்டும் விளங்க வேண்டும் என்று அபீதி ஸ்தவத்தை அருளிச்செய்து பல்லாண்டு காத்திருந்தார்.

அந்தச் சுவடி யாது? நடாதூர் அம்மாள் காஞ்சியில் ஸாதித்த ஸ்ரீபாஷ்ய வ்யாக்யானத்தை அவர் திருவாயிலிருந்து கேட்டபடியே ஸுதர்சன ஸூரி எழுதி வைத்த நூல் அது. ஐந்து வயதுப் பாலகனாய் நின்று, அம்மாள் விட்ட ஒரே ஓர் இடத்தை நினைவூட்டியவர், ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வ்யாக்யானம் முழுவதையுமே உலகுக்கு மீட்டுக் கொடுத்தார். இன்று ஸ்ரீபாஷ்யம் பயிலும் எவரும் ச்ருதப்ரகாசிகையைத் தொடாமல் பயில்வதில்லை.

நம் செஞ்சிச் சீமையின் பாக்யம்

இச்சரிதத்தின் மங்களமான முடிவு நம் சீமையில் நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது. விஜயநகரத்துக் குமார கம்பணருடைய தளபதியாய்ச் செஞ்சியில் இருந்தவர் கோபணார்யர். அவர் திருமலையில் மறைந்திருந்த நம்பெருமாளைச் செஞ்சிக்கு வடக்கேயுள்ள சிங்கவரத்தில் எழுந்தருளப்பண்ணி ஆராதித்தார். பின்பு பகைவரை வென்று, சகம் 1293, அதாவது 1371 ஆம் ஆண்டு, திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்வித்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் பிரிந்திருந்த பெருமாள் திரும்பினார். இந்தச் செயலைக் கொண்டாடும் இரு வடமொழிச் சுலோகங்கள் திருவரங்கத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை தேசிகன் அருளியவை என்பது ஸம்ப்ரதாயம். ஸ்வாமி 1369 ஆம் ஆண்டு கார்த்திகையில் பரமபதித்தார் என்று பழங்கணக்குக் கூறுவதால், இந்த இரண்டாண்டு வேற்றுமையைப் பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு உரைப்பர். அவருடைய ப்ரார்த்தனை பலித்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தோழனோ, மைத்துனனோ, பெற்ற பிள்ளையோ, உன்னால் முடியுமா என்று கேட்பதுண்டு. அப்போது உடனே மார்தட்ட வேண்டாம். உடனே பின்வாங்கவும் வேண்டாம். இதை ஏற்றால் யாருக்கு நன்மை என்று மட்டும் ஒரு நொடி எண்ணுங்கள். நமக்கே பெருமையானால் புழுவென்று ஒதுக்கலாம். பிறருக்குப் பயனானால் கோணல் கல்லையும் எடுத்து அடுக்கலாம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்ததானால், யார் பார்த்தாலும் பாராவிட்டாலும் அதைக் காத்துக் கொடுத்தே தீரவேண்டும்.

உத்ஸவம் ஸேவித்துத் திரும்பும் அடியார்கள், வழியில் சிங்கவரத்து மலையேறி, குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கனையும் ஸேவித்துச் செல்வார்களாக. ஸ்வாமி தேசிகன் ப்ரார்த்தித்து நின்ற பெருமாள் தங்கிப்போன தலம் அது. எம்பெருமான் திருவருளும் ஆசார்யன் கடாக்ஷமும் எல்லார்க்கும் பெருகுக.

சுபம்.