வளைகுடாவின் இரு கரைகளிலும் ஒலித்த குரல்: ஜே. பி. சந்திரபாபு

முள்ளிக்குளத்துக் கரையில் நின்று மேற்கே பார்த்தால், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடி. அங்கே 1927இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் சந்திரபாபு. பெயரிலுள்ள ‘பி’ பனிமயதாஸ். அவ்வூர்ப் பனிமய மாதாவை நினைத்து வைத்த பெயர்.

தகப்பனார் விடுதலைப் போராட்ட வீரர். ஆங்கிலேய அரசு அவரை நாடு கடத்தியதால் குடும்பம் கொழும்புக்கு வந்தது. பிள்ளையின் பள்ளிக்காலம் நம் நாட்டில்தான் கழிந்தது. அவரை வெறும் சிரிப்பு நடிகராக நினைப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. சினிமா வாய்ப்புக்காக நெடுங்காலம் அலைந்தார். மற்ற நடிகர்கள் பின்னணிப் பாடகருக்கு வாயசைத்த காலத்தில், தன் பாட்டைத் தானே பாடினார். குரலைச் சட்டென மேலே உடைத்துப் பாடும் மேல்நாட்டு ‘யோட்லிங்’ முறையைத் தமிழ்ப் படப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். ‘சகோதரி’ (1959), ‘அன்னை’ (1962) படங்களில் அவர் பாடியவற்றைக் கேளுங்கள். பாடுவது சிரிப்பு நடிகர். பேசுவது வாழ்க்கையில் தோற்ற ஒருவன். படப்பாடல்களை இலங்கை வானொலி வீடுவீடாகக் கொண்டுபோன காலம் அது.

1966இல் அவரே ஒரு படத்தை இயக்கினார். பெயர் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’, மத்தேயு நற்செய்தி வசனம். (2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள், தங்கள் ஊரைக் கேட்டுக் கடற்படை முகாமின் முன் 2017இல் ஒரு மாதத்துக்கும் மேல் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அந்த வசனம் மனப்பாடம்.) படம் ஓடவில்லை. கடனும் குடியும் அவரை விழுங்கின. 1974 மார்ச் 8இல், 46 வயதில், சென்னையில் காலமானார்.