கடல் சேற்றில் பனியுகங்களை எண்ணியவர்: யார் இந்த எமிலியானி?

பனியுகம் மொத்தம் நாலுதான். 1950 வாக்கில் பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆல்ப்ஸ் பகுதியில் பனியாறுகள் விட்டுப்போன கல், மண்ணை வைத்துப் போட்ட கணக்கு அது. இதில் ஒரு சிக்கல். பின்னால் வரும் பனியாறு, முந்தையது விட்ட தடயத்தை வழித்துக்கொண்டு போய்விடும். ஆழ்கடலில் அந்தத் தொல்லை குறைவு. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று வண்டல் மெதுவாகப் படிந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சேற்றில் பழங்காலக் குளிரைப் படித்துக் காட்டியவர் செசாரே எமிலியானி. 1922-ல் இத்தாலியின் போலோன்யாவில் பிறந்தவர். 1948-ல் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹரால்ட் யூரே அங்கே இருந்தார். ஓடுகளில் உள்ள ஆக்சிஜனை வைத்துப் பழைய வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அதெப்படி முடியும்? ஃபோராமினிஃபெரா என்று ஒரு செல் உயிரி இருக்கிறது. பெரும்பாலும் மணல் துகள் அளவுதான். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். ஆக்சிஜனில் கனமான வகையும் உண்டு, லேசான வகையும் உண்டு. தண்ணீர் குளிரக் குளிர, ஓட்டில் கனமானது கொஞ்சம் கூடுதலாகச் சேரும். உயிரி செத்ததும் ஓடு கடலடிக்குப் போய்விடும். குழாய் இறக்கி எடுத்த வண்டலில், மேலிருந்து கீழாக இந்த ஓடுகளைப் பொறுக்கி அளந்தார் எமிலியானி. கண்ணைக் கெடுக்கிற வேலை.

1955-ல் வந்த அவரது கட்டுரை நாலு பனியுகக் கணக்கை ஆட்டிவிட்டது. குளிரும் வெப்பமும் பலமுறை மாறி மாறி வந்திருந்தன. பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடும் அதை அவர் இணைத்தார். இதமான காலத்துக்கு ஒற்றைப்படை எண், குளிர்காலத்துக்கு இரட்டைப்படை எண் கொடுத்தார். இப்போது நாம் இருப்பது 1.

ஆனால் ஒன்றைத் தப்பாக எடைபோட்டார். ஆவியாகிப் பனியாக உறைவதில் லேசான ஆக்சிஜன்தான் அதிகம். கடலில் கனமானது மிஞ்சும். ஆகவே அந்தக் கோடு முக்கியமாகக் காட்டுவது பனியின் அளவை, வெப்பநிலையை அல்ல என்றார் பிரிட்டனின் நிக்கோலஸ் ஷாக்கிள்டன், 1967-ல். எமிலியானி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. வேடிக்கை என்னவென்றால், சுற்றுப்பாதை விஷயத்தில் அவர் பக்கம் சாட்சி சொன்னதும் ஷாக்கிள்டன்தான். 1976-ல் ஹேஸ், இம்ப்ரியோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அது. எமிலியானியின் எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

மியாமியில் நெடுங்காலம் பணியாற்றிய அவர் 1995-ல் இறந்தார். எமிலியானியா என்று ஒரு கடல் பாசிக்கு அவர் பெயர். அது பெருகும்போது கடல் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போவது செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும்.